ஆர்வியில் குடியிருந்து கேம்ப்கிரவுண்டில் வேலை: இடம் இலவசம் என்பது எவ்வளவு உண்மை?

நியூஜெர்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு 62 வயது, மனைவிக்கு 60. அடுத்த வருடம் வேலையை விடப் போகிறார். வீட்டை விற்றுவிட்டு, ஃபிஃப்த் வீல் ஆர்வி (டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்கும், உள்ளே குடியிருக்கும் வண்டி) ஒன்றும் அதை இழுக்க ஒரு டிரக்கும் வாங்கி, கோடையில் வடக்கே, குளிர்காலத்தில் தெற்கே என்று, ஆர்விகளும் கூடாரங்களும் வந்து தங்கும் கேம்ப்கிரவுண்ட்களில் பகுதி நேர வேலை பார்த்தபடி இருவரும் நாட்டைச் சுற்றலாம் என்பது எண்ணம். "ஆர்வி நிறுத்த இடம், கரண்ட், தண்ணீர் எல்லாம் இலவசமாகத் தருகிறார்களாமே, அப்படியானால் என் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) பணமே செலவுக்குப் போதுமா?" என்பது கேள்வி. கடைசி வரியில், சென்னையிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் அண்ணனும் அண்ணியும் கூடச் சேர்ந்து வேலை செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார். எனக்குப் புரிந்தவரை அவர் கேட்பது ஆர்வி பற்றியே இல்லை. வீட்டு வரி, வாடகை என்ற பெரிய செலவு போய்விட்டால், பிள்ளைகளிடம் கை நீட்டாமல், கையில் இருப்பதைக் கரைக்காமல் காலம் தள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும், நிறையப் பேர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அந்த இடம் இலவசம் இல்லை. அதுதான் உங்கள் சம்பளம், அல்லது சம்பளத்தில் பெரும்பகுதி. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தெளிவாகிவிடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தனியார் கேம்ப்கிரவுண்ட் ஒன்றில் பல வருடங்கள் ஆபீஸ் பார்த்தேன். ஒவ்வொரு சீசனுக்கும் வேலைக்கு ஜோடிகளைத் தேர்ந்தெடுப்பது, ஷிஃப்ட் போடுவது, சம்பளக் கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அப்புறம் வீட்டுக்காரரும் நானும் சொந்த ஆர்வியில் இதே வேலைக்குப் போனோம், இன்னும் போகிறோம். ஆக மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். வரி வக்கீல் இல்லை, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் இல்லை. அந்த இரண்டிலும் சட்டம் என்ன சொல்கிறது என்பது வரை சொல்கிறேன், உங்கள் கணக்கை அதற்கென்று இருப்பவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. வேலைக்கு எடுக்கும் ஓனர், "எங்கள் சைட், அதாவது ஆர்வி நிறுத்தும் இடம், ஒரு நாளைக்கு 60 டாலர், மாதம் 1,800 டாலர் மதிப்புள்ளதை உங்களுக்குத் தருகிறோம்" என்பார். அதே கேம்ப்கிரவுண்டில் மாத வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், 700 டாலர் என்று இருக்கும். நீங்கள் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர், அதனால் உங்களுக்கு அதன் மதிப்பு 700தான். அதற்கு ஆளுக்கு வாரம் 20 மணி நேரம், இருவருக்கும் சேர்த்து 40 மணி நேரம் வேலை கேட்டால், மாதத்துக்கு 173 மணி நேரம் ஆகிறது. 700-ஐ 173-ஆல் வகுத்தால் மணிக்கு 4 டாலர் சொச்சம். 1,800 என்று வைத்தால் 10 டாலருக்கு மேல் வருவதுபோல் தெரியும். ஓனர் பொய் சொல்லவில்லை, அவருக்கு வசதியான எண்ணைச் சொல்கிறார், அவ்வளவுதான். இதே இடத்தில் இருவரும் சேர்ந்து வாரம் 20 மணி நேரம் இடத்துக்காக, அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் கூலி என்றால் மணிக்கு 8 டாலர் ஆகிவிடும், கையில் ரொக்கமும் வரும். எல்லா மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுத்து, இடத்துக்குச் சலுகை வாடகை மட்டும் பிடிக்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான ஏற்பாடு, ஏனென்றால் எதற்கு எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும். கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்பதையும் கேளுங்கள். அரிசோனாவில் ஏசி ஓடும் மாதத்தில் அந்தப் பில் ஒன்றே கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

வேலை கொடுப்பவர்கள் ஒரே மாதிரி இல்லை. தனியார் பார்க்குகள் ஒரு வகை. 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கேஓஏ சங்கிலியின் கிளைகள் நாடெங்கும் இருக்கின்றன, பெரும்பாலானவை தனித்தனி ஓனர்கள் நடத்துவது, அதனால் ஒரு கிளையில் நன்றாக நடத்தினார்கள் என்பது அடுத்த கிளைக்கு உத்தரவாதம் ஆகாது. இரண்டாவது, ஃபெடரல் அரசின் வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸ் நிலத்தில் உள்ள கேம்ப்கிரவுண்ட்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கம்பெனிகள். மணிக்கூலி தருவார்கள், பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான் இருக்கும். இடம் அழகான காடாக இருக்கும், ஆனால் போன் சிக்னல் இருக்காது, சில இடங்களில் கரண்டே இருக்காது, கழிவறை தண்ணீர் இல்லாத குழிக் கழிவறை. மூன்றாவது, ராணுவத்தின் பொறியியல் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் எஞ்சினியர்ஸ் கட்டிய ஏரிகளின் கரையில் உள்ள பார்க்குகள். அங்கே வாசலில் கட்டணம் வாங்கும் வேலையைப் பல இடங்களில் டெண்டர் முறையில் தருகிறார்கள், சீசனுக்கு இவ்வளவு என்று ஜோடியாக விலை எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆனால் நீங்கள் அங்கே ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். சுயதொழில் வரி 15.3 சதவீதத்தையும் நீங்களே கட்ட வேண்டும். அதைச் சேர்க்காமல் விலை எழுதிவிட்டு ஏப்ரலில் வரி கட்டும்போது முழிப்பவர்கள் இருக்கிறார்கள். நான்காவது, மாநிலப் பூங்காக்களும் தேசியப் பூங்காக்களும். இங்கே நீங்கள் தன்னார்வலர், கூலி கிடையாது, இடம் மட்டும். வாலன்டியர்.கவ் தளத்தில் ஃபெடரல் இடங்கள் வரும், மாநிலங்கள் தங்கள் தளத்தில் தனியாக அறிவிக்கும்.

தன்னார்வலர் என்ற சொல்லில் ஒரு பெரிய வித்தியாசம் ஒளிந்திருக்கிறது, இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. அரசுப் பூங்காவில் தன்னார்வலராக இருக்கலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக்களில் 1970-இல் வந்த சட்டப்படி தன்னார்வலருக்கு வேலையில் அடிபட்டால் ஃபெடரல் ஊழியருக்கு உள்ள காயப் பாதுகாப்பு உண்டு. ஃபெடரல் நிலங்களில் 250 மணி நேரம் உழைத்தால் ஒரு வருட நுழைவு பாஸும் தருவார்கள். லாபத்துக்கு நடத்தும் தனியார் கேம்ப்கிரவுண்டில் தன்னார்வலர் என்று ஒன்று கிடையாது. ஃபெடரல் கூலிச் சட்டம் அதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே வேலை செய்தால் நீங்கள் ஊழியர்தான், இடம் கூலியின் ஒரு பகுதிதான். "பேப்பர் எல்லாம் வேண்டாம், நீங்கள் உதவி செய்யுங்கள், இடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற இடத்தில் நீங்கள் ஏணியிலிருந்து விழுந்தால் யார் பணம் கட்டுவது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஒரு பார்க்கில் மரக்கிளை வெட்டப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள், வேலை செய்ய முடியாததால் இடத்தையும் காலி செய்யச் சொன்னார்கள்.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் இருக்கிறது. ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் 7.25 டாலர். ஆனால் ஆண்டுக்கு ஏழு மாதத்துக்கு மேல் திறந்திருக்காத பொழுதுபோக்கு இடங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு உண்டு, கோடையில் மட்டும் நடக்கும் பல கேம்ப்கிரவுண்ட்கள் அதில் வந்துவிடும். மாநிலச் சட்டம் வேறு. வாஷிங்டன் மாநிலத்தில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி 16.66 டாலர், டெக்சாஸில் அதே 7.25தான். தங்குமிடத்தைக் கூலியில் எவ்வளவு கழிக்கலாம் என்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆகவே மணிக்கு 4 டாலர் வருகிறதே, இது சட்டவிரோதமா என்று கேட்டால், ஊரையும் பார்க்கையும் பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது. வரியிலும் இதே கதை. இடம் முதலாளியின் வளாகத்திலேயே இருந்து, அவருடைய தேவைக்காகவே நீங்கள் அங்கே தங்கி, அங்கே தங்குவது வேலையின் நிபந்தனையாகவும் இருந்தால், இடத்தின் மதிப்புக்கு வருமான வரி இல்லை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ராத்திரி அவசரத்துக்கு எழுந்து வர வேண்டிய ஹோஸ்டுக்கு (கேம்ப்கிரவுண்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்பவருக்கு) இது பொருந்துவது சுலபம். "வேண்டுமானால் இங்கே தங்கலாம், இல்லாவிட்டால் வெளியேயிருந்தும் வரலாம்" என்று சொல்லப்பட்டவருக்குப் பொருந்தாது. ஓனர் இடத்தின் மதிப்பை டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் வருமானமாகக் காட்டுவாரா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, வேலை என்னவாக இருக்கும்? விளம்பரப் படத்தில் கணவனும் மனைவியும் நெருப்பைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நிஜத்தில் காலை 11 மணிக்கு ஒரு கூட்டம் காலி செய்யும், மதியம் 2 அல்லது 3 மணிக்கு அடுத்த கூட்டம் வரும், அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்க வேண்டும். குளியலறைக் கட்டடத்தைப் பூட்டி, முடி அடைத்த ஷவர் வடிகாலைக் கையுறை போட்டு எடுத்து, கண்ணாடி துடைத்து, காகிதம் மாற்றி, தரையைக் கழுவித் தள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சைட்டாகப் போய் நெருப்பு வளையத்தில் இருக்கும் சாம்பலை அள்ள வேண்டும். மேலே குளிர்ந்து வெள்ளையாக இருக்கும், மண்வெட்டியை உள்ளே விட்டால் அடியில் சிவப்பாகக் கங்கு கிடக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, இரும்பு டின்னில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுக் குப்பை வண்டியையே எரித்தவர்கள் உண்டு. ஈரச் சாம்பல் ஒரு வாளி என்ன கனம் கனக்கும் என்பதை முதல் நாளே முதுகு சொல்லிவிடும். ஃபாரஸ்ட் சர்வீஸ் இடங்களில் கட்டணக் கவர் போடும் தடித்த இரும்புக் குழாய் ஒன்று நட்டிருப்பார்கள், அயர்ன் ரேஞ்சர் என்று பெயர். அதைத் திறந்து எண்ணி எழுதி வைப்பதும், காசு போடாமல் நுழைந்தவரிடம் போய்ப் பக்குவமாகக் கேட்பதும் உங்கள் வேலை. மழை கொட்டும் ராத்திரி ஒன்பது மணிக்கு 40 அடி வண்டியோடு வந்து நிற்கிறவரை டார்ச் காட்டிப் பின்னால் எடுக்க வைப்பதும், பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் ஓட்டுகிறவரை நிறுத்தச் சொல்வதும் அப்படித்தான்.

என் அனுபவத்தில் ஜோடிகள் பாதியில் விட்டுப்போவது கழிவறையால் இல்லை. விடுமுறை நாளால். ஆபீஸில் மனைவிக்குச் செவ்வாய், புதன் விடுமுறை, வெளி வேலையில் கணவனுக்கு வியாழன், வெள்ளி என்று போட்டுவிட்டால், நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நாலு மாதமும் 300 சதுர அடிக்குள் ஒருவர் தூங்கும்போது மற்றவர் சமைத்துக்கொண்டு இருப்பார்கள். நான் ஷிஃப்ட் போட்ட காலத்தில் இதற்காகத்தான் மிகவும் மெனக்கெட்டேன், எல்லா இடத்திலும் அப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருவருக்கும் ஒரே நாட்களில் விடுமுறை, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். யாருக்கு என்ன வேலை என்பதையும் எழுதி வாங்குங்கள். மூட்டு வலி உள்ளவரைப் புல்வெட்டும் வண்டியில் உட்கார வைக்கலாம், 15 சைட்டுக்கு நடந்து சாம்பல் அள்ள வைக்க முடியாது. இன்னொன்று, நம்மவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க மானேஜராக இருந்துவிட்டு வருவார்கள். இங்கே இருபத்தைந்து வயதுப் பையன் வந்து "அந்தக் கதவைச் சரியாகத் துடைக்கவில்லை" என்பான். அதைச் சிரித்துக்கொண்டு ஏற்கிற மனம் இருக்கிறதா என்று வீட்டில் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது.

இப்போது சோஷியல் செக்யூரிட்டி. நீங்கள் 1960-க்குப் பின் பிறந்தவர், அதனால் முழுப் பென்ஷன் வயது 67. 62-லேயே எடுத்தால் முழுத் தொகையில் 70 சதவீதம்தான், அது ஆயுள் முழுக்க அப்படியே. அதோடு 67-க்கு முன் வேலை செய்தால் வருமான வரம்பு உண்டு. 2025-இல் அது 23,400 டாலர், ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரை நிறுத்தி வைப்பார்கள், பிறகு 67-இல் கணக்கைத் திருத்தி மாதத் தொகையைக் கொஞ்சம் கூட்டுவார்கள், அதனால் பணம் அடியோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கேம்ப்கிரவுண்ட் கூலி மட்டும் என்றால் பெரும்பாலும் வரம்பைத் தொடவே மாட்டீர்கள். இந்த வேலையின் உண்மையான பலன் என் பார்வையில் இதுதான்: இடமும் கொஞ்சம் கூலியும் சேர்ந்து உங்கள் மாதச் செலவைக் குறைத்தால், பென்ஷனை 62-இல் தொடாமல் சில வருடம் தள்ளிப்போட முடியும். பென்ஷன் போதுமா என்று கேட்பதைவிட, பென்ஷனை எத்தனை வருடம் தொடாமல் இருக்க முடியும் என்று கேட்பது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

உங்கள் மனைவி விஷயத்தில் ஒன்றைப் பாருங்கள். நம் வீடுகளில் பெண்கள், வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்து பல வருடம் வேலை செய்ய முடியாமல் இருந்து, பிறகு கொஞ்ச காலம் மட்டும் வேலை பார்த்திருப்பார்கள். தன் பெயரில் சோஷியல் செக்யூரிட்டி வாங்க 40 கிரெடிட் வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் உடன்படிக்கை இல்லை, அதனால் அங்கே வேலை பார்த்த வருடங்கள் சேராது. 2025 கணக்குப்படி 1,810 டாலர் கூலிக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு அதிகபட்சம் நாலு, அதாவது 7,240 டாலர் சம்பாதித்தால் அந்த வருடத்து நாலும் வந்துவிடும். அவருக்கு இன்னும் எட்டோ பத்தோ கிரெடிட்தான் பாக்கி என்றால், டபிள்யூ-2 தரும் வேலையில் இரண்டு மூன்று சீசன் போதும். தன்னார்வலராக இடத்துக்கு மட்டும் உழைத்தால் ஒன்றும் சேராது. உங்கள் கணக்கிலிருந்து துணைவிப் பங்கு அவருக்கு எப்படியும் உண்டுதான், இருந்தாலும் தன் பெயரில் ஒரு பென்ஷன் இருப்பது வேறு. இருவரும் சோஷியல் செக்யூரிட்டி துறையின் (எஸ்எஸ்ஏ) தளத்தில் உள்ளே போய் உங்கள் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு வேலையைத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு உங்கள் திட்டத்தில் மிகவும் கவலை தருவது மருத்துவக் காப்பீடு. மெடிகேர் என்ற முதியோர் அரசுக் காப்பீடு 65-இல்தான். அடுத்த வருடம் வேலையை விட்டால் உங்களுக்கு இரண்டு வருடம், மனைவிக்கு நாலு வருடம் இடைவெளி இருக்கும். கம்பெனி காப்பீட்டைச் வேலையை விட்ட பிறகும் சொந்தக் காசில் கோப்ரா என்ற சட்டத்தின் வழியாக வழக்கமாக 18 மாதம் தொடரலாம், விலை அதிகம். அதற்குப் பிறகு மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையில் வாங்க வேண்டும், அந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை அந்த வட்டார டாக்டர்களோடு நின்றுவிடும், வெளியூரில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் கைகொடுக்கும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிற நம் வயதில் இது சின்ன விஷயம் இல்லை. சுற்றித் திரிகிறவர்கள் வழக்கமாக சவுத் டகோடா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூன்றில் ஒன்றைச் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்வார்கள், மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை, தபாலை வாங்கி அனுப்பும் சேவைகளும் நிறைய. டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் உள்ள எஸ்கேப்பீஸ் சங்கம் 1978 முதல் ஆர்வியில் சுற்றுகிறவர்களுக்கென்றே நடக்கிறது. ஆனால் வருமான வரிக்காக மட்டும் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வருமான வரி உள்ள வேறு மாநிலத்தில் சம்பாதித்த கூலிக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். 65 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், எந்த மாநிலத்தில் எந்தக் காப்பீடு கிடைக்கிறது என்று பார்த்துத்தான் முகவரியை முடிவு செய்ய வேண்டும். 65 ஆனதும் அரசே நேரடியாகத் தரும் ஒரிஜினல் மெடிகேரோடு, அதில் விடுபடும் செலவுக்கான மெடிகேப் என்ற தனியார் காப்பீட்டையும் சேர்த்து எடுங்கள், மெடிகேர் ஏற்கும் எந்த ஊர் டாக்டரிடமும் போகலாம். ஒரிஜினல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் தரும் அட்வான்டேஜ் திட்டம் மாதச் சந்தா குறைவு என்று கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அது ஒரு வட்டாரத்தோடு கட்டிப்போட்டுவிடும். மெடிகேப் வாங்க உடல்நிலை கேட்காமல் தருவது, மெடிகேரின் டாக்டர் செலவுப் பகுதியான பார்ட் பி தொடங்கும் முதல் ஆறு மாதம்தான், அதை விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் ஊருக்குப் போய் வருவீர்கள் என்றால், மெடிகேர் பொதுவாக இந்தியாவில் செல்லாது, பயணக் காப்பீடு தனியாக வேண்டும்.

வண்டியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிஃப்த் வீலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை டிரக்கின் முதுகில் இறங்கும். 14,000 பவுண்டு வண்டி என்றால் 2,800 முதல் 3,500 பவுண்டு. டிரக் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு ஏற்றலாம் என்று போட்டிருக்கும், விற்பவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். பழைய வண்டி வாங்கினால் டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். நிரந்தரமாகக் குடியிருந்தால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் சிறிய எழுத்தில் போட்டிருக்கும், இன்ஷூரன்ஸும் முழுநேரக் குடியிருப்புக்கென்று தனியாக எடுக்க வேண்டும். வேலை செய்பவருக்குப் பல பார்க்குகளில் 30 ஆம்ப் இணைப்புதான் ஒதுக்குவார்கள். மொத்தமே 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போட்டு, மாவரைக்க கிரைண்டரும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். இட்லி, சாம்பார் என்று தினம் ஆவி பறக்கச் சமைக்கிறவர்கள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விசிறியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும்.

வருடத்தில் பன்னிரண்டு மாதமும் வேலை இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். வடக்கே மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஆள் கிடைக்காமல் அலைவார்கள், நல்ல நிபந்தனை கேட்க முடியும். குளிரில் அரிசோனாவிலும் டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலும் ஓய்வு பெற்றவர்கள் குவிந்திருப்பார்கள், வேலை குறைவு, அதனால் அதே இடத்துக்கு அதிக மணி நேரம் கேட்பார்கள். நடுவில் உள்ள வாரங்களுக்கும் பயண டீசலுக்கும் சொந்தக் காசு. அக்டோபரில் மினசோட்டா, நார்த் டகோடா எல்லையில் சுகர் பீட் (சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு) அறுவடை வேலை நல்ல பணம், ஆனால் பனிக் காற்றில் 12 மணி நேர ஷிஃப்ட், வேலை முழுக்க வெளியில் நின்றுதான். அறுபது தாண்டியவர்கள் செய்கிறார்கள்தான், இருந்தாலும் முதல் வருடமே போக வேண்டாம் என்பேன். ஆர்வியில் சுற்றுகிறவர்களைக் கிடங்கு வேலைக்கு எடுத்த அமேசானின் கேம்பர்ஃபோர்ஸ் திட்டம் பற்றிய பழைய வீடியோக்களைப் பார்த்து அதை நம்பி இருக்காதீர்கள், அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

வீடு பற்றி என் கருத்து நேரடியானது. முதல் சீசனுக்கு முன் விற்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள், அல்லது ஒரு கோடை மட்டும் பூட்டிவிட்டுப் போய்ப் பாருங்கள். ஏனென்றால் இந்த வேலையில் வேலையும் வீடும் ஒன்றே. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஜோடியாகத்தான் போக வேண்டும், சில ஒப்பந்தங்களில் 72 மணி நேரத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று இருக்கும். அந்த எண்ணை இரண்டு வாரமாகவாவது மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பல ஓனர்கள் ஒப்புக்கொள்வார்கள், நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சீசன் கடைசி வரை இருந்தால் போனஸ் என்பார்கள், அது எந்தத் தேதி என்று எழுத்தில் வாங்குங்கள். போன வருடம் அங்கே வேலை செய்த ஒரு ஜோடியின் போன் நம்பரைக் கேளுங்கள். தயங்காமல் கொடுக்கிற இடம் பெரும்பாலும் நல்ல இடம்.

அண்ணன், அண்ணி விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை, விசிட்டர் விசாவில் வருகிறவர்கள் வேலை செய்யக் கூடாது. கையில் பணம் வாங்காமல் இடத்துக்காக மட்டும் செய்தாலும் அது கூலிதான், பிடிபட்டால் அடுத்த விசாவுக்கே வினையாகும். "சும்மா கூட நின்று உதவினார்கள்" என்பது எடுபடாது, அதனால் உங்கள் ஷிஃப்டில் அவர்களைத் துடைப்பத்தைத் தொடவிட வேண்டாம். விருந்தாளியாகத் தங்கலாம், ஆனால் ஹோஸ்ட் சைட்டில் இருவருக்கு மேல் தங்க ஓனரின் அனுமதி வேண்டும், எத்தனை நாள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல பார்க்குகளில் சின்ன மரக் கேபின்கள் உண்டு, ஊழியரின் உறவினருக்குச் சலுகை விலையில் தருவார்கள். ஜூலை 4 கூட்டத்தை விட்டுவிட்டு ஆகஸ்ட் கடைசி வாரத்தில், வார நாட்களாகப் பார்த்துக் கேளுங்கள், கிடைப்பது சுலபம்.